தூக்கிக்கோ பாப்பா

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துறவன். இந்தத் தொழிலுக்குப் பொறுமை வேணும்னு பார்க்கிறவங்கெல்லாம் சொல்வாங்க. மண்ணாங்கட்டி. பிரேக்கை மிதிங்கன்னு சொன்னா கண்ணை இறுக்கி மூடிக்கிற ஆளுங்க பக்கத்துலயே பாதி வாழ்க்கை உட்கார்ந்தவனுக்குப் பொறுமை எங்கேருந்து மிஞ்சும்? எனக்குக் கோபம் மூக்கு நுனியிலதான் இருக்கும். சட்டுனு வரும், சட்டுனு போயிடும். போகாத கோபம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அது என் மாமியார் மேல.

மருமகன்னா மாமியார் மேல ஏதாவது வயித்தெரிச்சல் இருக்கத்தான் செய்யும், இவன் என்ன பெருசா சொல்ல வந்துட்டான்னு நினைக்காதீங்க. அவங்க என்னை ஒரு வார்த்தை தப்பா சொன்னதில்ல. எப்பவும் "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை"தான். இது என் விஷயமே இல்ல. என் பெண்டாட்டி விஷயம்.

மாமியார் பொம்மை செஞ்சவங்க. துணியைச் சுருட்டிப் பஞ்சை அடைக்கிற வேலை இல்ல. பொம்மை ஃபேக்டரியில முகம் செய்யற வேலை. முதல்ல களிமண்ணுல தலை செய்யணும். அதை மெழுகுல வார்த்து, உதட்டு ரேகை வரைக்கும் செதுக்கணும். அந்த மெழுகு மேலதான் உலோக அச்சு எடுப்பாங்க. அச்சு கையில வந்துட்டா அப்புறம் மெஷின்காரன் பாடு, ஒரே முகத்தைப் பிளாஸ்டிக்ல எடுத்துத் தள்ளிக்கிட்டே இருக்கலாம். சூடு ஆறினா பிளாஸ்டிக் சுருங்குமாம். அதனால செய்யற தலை, கடையில பார்க்கிற தலையைவிடக் கொஞ்சம் பெருசா இருக்கணும். எவ்வளவு பெருசுங்கிறது மாமியாருக்கு விரல்லயே இருந்துச்சு. வேலையைப் பத்திக் கேட்டா மூச்சு விடாம பேசுவாங்க. வேற எதைக் கேட்டாலும் ஒரு "ம்".

அவங்க எத்தனையோ முகம் செஞ்சாங்க, ஊர் உலகத்துக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அட்டைப்பெட்டி மேல என்னமோ நம்பர் போட்டுத்தான் ஃபேக்டரி அதை வெளியே விட்டுச்சு. கடைக்கு வந்த பிள்ளைங்க அதுக்கு 'தூக்கிக்கோ பாப்பா'ன்னு பேர் வச்சுதுங்க, அதுவே நிலைச்சுடுச்சு. ரெண்டு வயசுக் குழந்தை. ரெண்டு கையும் மேல தூக்கியிருக்கும். சிரிக்காது, அழவும் செய்யாது. அழறதுக்கு முன்னாடி குழந்தைங்க ஒரு நொடி நம்மைப் பார்க்குமே, தூக்குவாங்களா மாட்டாங்களான்னு, அந்த முகம். கீழுதடு லேசா முன்னால வந்திருக்கும். புருவத்துக்கு நடுவுல ஒரு சின்ன மேடு. கடைக் கண்ணாடிக்குப் பின்னால ஒண்ணை உட்கார வச்சா போதும், அவசரமா பஸ்ஸுக்கு ஓடுறவங்க கூட நின்னு பார்த்துட்டுத்தான் போவாங்க. அப்படி வித்துச்சு. ஃபேக்டரிக்கு ரெண்டாவது மாடி எழும்பினதே அந்த முகத்தாலதான்.

அந்த முகம் என் பெண்டாட்டியோடது.

கல்யாணமான புதுசுல அவ இதை என்கிட்ட சொன்னப்ப நான் சிரிச்சேன். எல்லாக் குழந்தையும் ஒரு வயசுல பொம்மை மாதிரிதான் இருக்கும்னு சொன்னேன். அவ முடியை ஒதுக்கி, இடது புருவத்தோட முனையைக் காட்டினா. அம்மை போட்டப்ப வந்த தழும்பு, அரிசி மணி அளவு குழி. அப்புறம் ஒரு பழைய விளம்பரப் படத்தை எடுத்துக் காட்டினா. பொம்மைக்கும் அதே புருவம், அதே முனை, அதே குழி. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? நான் ஒத்துக்கிட்டேன்.

ஆனா மாமியார் ஒத்துக்கலை. "அது மெழுகுல வந்த காத்துக் குமிழி. நான் பார்க்கறதுக்குள்ள அச்சுக்குப் போயிடுச்சு." சரி, முகம்? "முகம் என் மண்டையிலேருந்து வந்தது. நான் யாரையும் பார்த்து எதையும் செஞ்சதில்ல." கேட்கிற பத்திரிகைக்காரங்களுக்கு இதே பதில், பெத்த மகளுக்கும் இதே பதில்.

இவ சின்னப் பிள்ளையா இருந்தப்ப வகுப்புக்கு ஒரு பொண்ணு அந்தப் பொம்மையைக் கொண்டு வந்திருக்கா. இவ சும்மா இருக்காம, "இது நான்தான்"னு சொல்லியிருக்கா. பிள்ளைங்க சிரிச்சு, கிண்டல் பண்ணி, விஷயம் டீச்சர் வரைக்கும் போய், டீச்சர் மாமியாரைக் கூப்பிட்டு அனுப்பியிருக்காங்க. மாமியார் வேலைத்துணியோட வந்து நின்னு, "இல்லீங்க, அவ சும்மா சொல்றா"ன்னுட்டுப் போயிட்டாங்க. பொய் சொன்னதுக்கு வகுப்பு முன்னாடி நின்னு இவ மன்னிப்புக் கேட்கணும். கேட்டிருக்கா. எனக்கு இதை நினைச்சா இன்னைக்கும் பத்திக்கிட்டு வரும். உன் மகதானே, ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்?

என் பெண்டாட்டி யார்கிட்டயும் எதையும் கேட்கிற ரகம் இல்ல. காய்ச்சல்ல படுத்திருந்தாலும் ஒரு டம்ளர் தண்ணி கொடுங்கன்னு வாயைத் திறக்க மாட்டா. சுவரைப் பிடிச்சுக்கிட்டு தானே எழுந்து போவா. நான் கத்துவேன், "நான் என்ன இங்க குத்துக்கல்லா உட்கார்ந்திருக்கேன்?"னு. சிரிச்சுட்டுப் போயிடுவா. அப்படிப்பட்டவ இந்த ஒண்ணை மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அம்மாகிட்ட கேட்டுடுவா. காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, ஏதோ இப்பதான் ஞாபகம் வந்த மாதிரி. "அது நான்தானேம்மா?" அவங்களும் இப்பதான் முதல் தடவை கேட்கிற மாதிரி, "எது?"ம்பாங்க.

நான் ஒரு தடவை புத்திசாலித்தனமா ஒண்ணு பண்ணேன். அம்மா தராட்டி என்ன, நாம வாங்கிக் கொடுப்போம்னு பழைய சாமான் கடையெல்லாம் அலைஞ்சு ஒரு தூக்கிக்கோ பாப்பாவை வாங்கிட்டு வந்தேன். அவளுக்கு அதுவரைக்கும் சொந்தமா ஒண்ணு கூட இருந்ததில்ல. வேலையை வீட்டுக்குக் கொண்டு வரக்கூடாதுங்கிறது மாமியாரோட சட்டம். பெட்டியைத் திறந்து பார்த்தா, பார்த்துக்கிட்டே இருந்தா. "இது நான் இல்லீங்க"ன்னா. உத்துப் பார்த்தப்பதான் எனக்கே தெரிஞ்சது, பொம்மை லேசா சிரிக்குது. முதல் அச்சு தேய்ஞ்சதும் முதலாளி ரெண்டாவது அச்சுல உதட்டை ஏத்திவிட்டு, புருவக் குழியை அடைச்சு, சிரிக்க வச்சுட்டாராம். நான் வாங்கினது அந்த ரகம். என் மூஞ்சி தொங்கிப்போச்சு. அவதான் என்னைச் சமாதானம் பண்ணா. "பரவாயில்ல விடுங்க, இதாவது சிரிக்குதே"ன்னா. அந்தப் பொம்மை இன்னும் எங்க வீட்டு அலமாரி மேல இருக்கு, யாரும் சீண்டுறதில்ல.

எங்களுக்கு மகன் பிறந்தப்ப நடந்த கூத்து வேற. நடக்கத் தெரிஞ்ச பிள்ளையை இடுப்பை விட்டு இறக்க மாட்டா. ஒரு கையால பிள்ளை, ஒரு கையால சமையல். பக்கத்து வீட்டுக்காரங்க, "உங்க பையனுக்குக் கால்னு ஒண்ணு இருக்கா?"ன்னு கேலி பண்ணாங்க. எங்க வீட்டுக்கு வந்திருந்த மாமியாரும் பார்த்துட்டு, "இறக்கி விடுடி, கெட்டுப்போயிடுவான்"னாங்க. இவ எதையும் காதுல போட்டுக்கலை. பள்ளிக்கூடம் போற வயசுலயும் தோள்ல போட்டுக்கிட்டுதான் திரிஞ்சா. அவன் கெட்டும் போகலை, நல்லா வேலைக்குப் போய் தினமும் போன் பண்றான்.

வருஷம் போச்சு. ஃபேக்டரியை மூடினாங்க. முதலாளி போய்ச் சேர்ந்தார். மாமியாருக்கு வயசாகி, தனியா விட முடியாம எங்க வீட்டுக்கே வந்துட்டாங்க. அப்பதான் பழைய பொம்மை சேர்க்கிற பைத்தியம் ஊர்ல கிளம்புச்சு. முதல் அச்சுல வந்த தூக்கிக்கோ பாப்பாவுக்கு அலையா அலைய ஆரம்பிச்சாங்க. புருவத்துல குழி இருந்தா ஒரிஜினல், இல்லேன்னா பின்னால வந்தது. என் பெண்டாட்டி அம்மைத் தழும்பை லென்ஸ் வச்சுத் தேடுற காலம் வந்துடுச்சு, அவளைத் தேடி ஒருத்தன் வரலை.

ஏன் வரலைன்னா அந்த இடத்துல ஏற்கெனவே ஒரு ஆள் உட்கார்ந்தாச்சு. முதலாளியோட மக. ஃபேக்டரியில அந்தக் காலத்துல சின்ன முதலாளியம்மான்னு கூப்பிடுவாங்க, நானும் அப்படியே சொல்றேன். அந்தம்மாவுக்கும் என் பெண்டாட்டிக்கும் ஒரே வயசு. பொம்மை முகம் தன்னோடதுதான்னு டிவியில சொன்னாங்க, பத்திரிகையில சொன்னாங்க, போற இடமெல்லாம் பொம்மைப் பெட்டி மேல கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க. அவங்களைத் திட்டவும் எனக்கு வாய் வரலை. அப்பா சொன்னாராம், "இது நீதான் கண்ணு"ன்னு. பெத்த அப்பன் சொன்னா யாருதான் நம்ப மாட்டாங்க. அந்தப் பக்கம் இல்லாததை இருக்குன்னு சொல்ல ஒரு அப்பா. இந்தப் பக்கம் இருக்கிறதை இல்லேன்னு சொல்ல ஒரு அம்மா. என்ன கணக்கோ இது.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் பல் டாக்டர் ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். பல்லுக்காக இல்ல. பொம்மை சேர்க்கிறவங்க சங்கத்துக்கு அவர்தான் தலைவர். தூக்கிக்கோ பாப்பாவுக்காகவே ஒரு கண்காட்சி வைக்கிறாங்களாம், செஞ்சவங்களை மேடையில உட்கார வச்சு மரியாதை பண்ணணுமாம். பையிலேருந்து ஒரு பொம்மையை எடுத்து, வாயைப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை வச்சு அதோட கழுத்துக்கு உள்ளே, காதுக்குப் பின்னால எல்லாம் எங்களுக்கு விளக்கிக் காட்டினார். நான் வாயைத் திறக்கலை, எங்கே என் கடைவாய்ப் பல்லையும் பார்த்துடுவாரோன்னு.

என் பெண்டாட்டி டீ கொண்டு வந்து குனிஞ்சு வச்சா. டாக்டர் கப்பை எடுக்கப் போனவர் அப்படியே நின்னுட்டார். அவ புருவத்தைப் பார்த்தார். கையில இருந்த பொம்மையைப் பார்த்தார். மறுபடியும் அவளைப் பார்த்தார். "அம்மா, இந்தப் புருவக் குழி..."ன்னு மாமியார் பக்கம் திரும்பினார்.

"காத்துக் குமிழி"ன்னாங்க மாமியார், டீயை ஆத்திக்கிட்டே.

டாக்டர் போனதும் என் பெண்டாட்டி கேட்டா. இந்தத் தடவை காய் நறுக்கலை, துணி மடிக்கலை. அம்மா எதிர்ல வந்து உட்கார்ந்து கேட்டா. "அம்மா, அன்னைக்கு மேடையில எல்லாரும் இருப்பாங்க. ஒரு தடவை சொல்லும்மா. ஒரே ஒரு வரி. எனக்கு அது போதும்."

"சொல்லி என்னடி ஆகப் போகுது?"

"எனக்கு ஆகும்."

மாமியார் எழுந்து உள்ளே போயிட்டாங்க. எனக்குத் தாங்கலை. பின்னாலயே போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுடணும்னு போனேன். "அத்தை, உங்களுக்கே இது நல்லா இருக்கா? ஆமான்னு சொன்னா உங்க கிரீடம் கழண்டு விழுந்துடுமா?"

அவங்க கோவிச்சுக்கலை. கட்டில் ஓரத்துல உட்கார்ந்துக்கிட்டு நிதானமா சொன்னாங்க. "கழண்டுடும் மாப்பிள்ளை. அந்த ஃபேக்டரியில முகம் செய்யற ஒரே பொம்பளை நான்தான். கூட வேலை செஞ்ச ஆம்பளைங்க சும்மா இருப்பாங்களா? அது என்ன பெரிய வேலை, பெத்த பிள்ளையை எதிர்ல உட்கார வச்சு அப்படியே காப்பி அடிச்சுட்டான்னு சொல்லக் காத்திருந்தாங்க. முகம் யாருதுன்னு தெரிஞ்சா, செஞ்ச கை யாருதுன்னு எவனும் கேட்க மாட்டான். அதனாலதான் இல்லேன்னேன். ஒரு தடவை இல்லேன்னுட்டா அப்புறம் மாத்த முடியுமா?"

ஆக, அவங்களே ஒத்துக்கிட்டாங்க. ஆனா என்கிட்ட. கதவைச் சாத்திட்டு. நான் வெளியே வந்து பெண்டாட்டிகிட்ட சொன்னேன். அவ, "எனக்குத் தெரியும்ங்க. உங்ககிட்ட சொல்லி என்ன பிரயோசனம்"னா.

கண்காட்சி நாள் வந்துச்சு. பெரிய ஹால். சுவர் ஓரமா கண்ணாடிப் பெட்டிங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரு தூக்கிக்கோ பாப்பா, எல்லாம் கையைத் தூக்கிக்கிட்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் என் பெண்டாட்டி முகம். ஜனங்க வெள்ளைக் கையுறை மாட்டிக்கிட்டு, மூச்சு படாம குனிஞ்சு பார்த்துக்கிட்டு இருந்தாங்க. இவ நல்ல புடவையா கட்டிக்கிட்டு, முடியை இழுத்துச் சீவி, புருவம் தெரியற மாதிரி வந்திருந்தா. அவ அப்படிச் சீவி நான் பார்த்ததே இல்ல.

நாங்க முதல் வரிசையில உட்கார்ந்தோம். மேடையில நடுவுல பல் டாக்டர், ஒரு பக்கம் மாமியார், இன்னொரு பக்கம் சின்ன முதலாளியம்மா. அவங்கதான் முதல்ல பேசினாங்க. அப்பா எப்படிக் கஷ்டப்பட்டு ஃபேக்டரியைத் தூக்கி நிறுத்தினார்னு சொன்னாங்க. தான் கையைத் தூக்கிக்கிட்டு அப்பாகிட்ட ஓடுவேன், அதான் இந்தப் பொம்மைன்னு சொன்னாங்க. மாமியார் எதையோ யோசிச்சுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருந்தாங்க. இத்தனை வருஷமும் இதைக் கேட்டுக்கிட்டு சும்மாதானே இருந்தாங்க. நான் பெண்டாட்டியைப் பார்த்தேன். அவ பார்வை அம்மாவை விட்டு நகரலை.

அப்புறம் சின்ன முதலாளியம்மா மாமியார் பக்கம் திரும்பி, ரொம்ப அன்பா, அதையும் சொல்லணும், நிஜமாவே அன்பாத்தான் சொன்னாங்க. "ஆன்ட்டிக்கு எப்படிப்பட்ட கை பாருங்க. அப்பா என் போட்டோ ஒண்ணைக் கொடுத்தாராம். அதைப் பார்த்து அப்படியே செஞ்சுட்டாங்க."

மாமியார் நிமிர்ந்தாங்க. அவங்க முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிச்சதை எங்க கல்யாணத்துக்கு அப்புறம் நான் பார்த்தது அன்னைக்குத்தான். டாக்டர் கையிலேருந்து மைக்கை வாங்கிக்கிட்டாங்க.

"போட்டோவா? போட்டோவுல தலைக்குப் பின்பக்கம் தெரியுமா கண்ணு? கன்னம் எங்கே முடியுது, தாடை எங்கே ஆரம்பிக்குதுன்னு தெரியுமா? போட்டோவைப் பார்த்துத் தலை செய்யற ஆளுன்னா என்னை நினைச்சே?"

ஹால்ல லேசா ஒரு சிரிப்பு எழுந்து அடங்குச்சு.

"உன்னைச் சின்னதுல எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஃபேக்டரிக்கு வருவே. உன் கால் தரையில பட்டு நான் பார்த்ததில்ல. அப்பா தோள்ல இருப்பே, இல்லேன்னா ஆயா இடுப்புல, இல்லேன்னா டிரைவர் கையில. எப்பவும் யாராவது தூக்கி வச்சிருப்பாங்க. உன் முகத்துல அது எப்படி வரும்?" கையை நீட்டினாங்க. "அது என் பொண்ணு முகம். அதோ உட்கார்ந்திருக்கா."

அத்தனை தலையும் எங்க பக்கம் திரும்புச்சு. என் பெண்டாட்டி என் மணிக்கட்டைப் பிடிச்சா பாருங்க, நகம் பதிஞ்சுடுச்சு. அவ முகம் மலர்ந்ததை நான் சொல்லி உங்களுக்குப் புரிய வைக்க முடியாது. இத்தனை நாள் மாமியாரைத் திட்டினதுக்கெல்லாம் மனசுக்குள்ள ஒரு கும்பிடு போட்டுட்டேன். அவங்க அத்தோட மைக்கைக் கீழே வச்சிருக்கலாம். வேலையைப் பத்திப் பேச ஆரம்பிச்சாச்சே, நிறுத்துவாங்களா?

"முதலாளி என்கிட்ட கேட்டது ஒண்ணுதான். பார்க்கிறவன் தூக்கியே ஆகணும், அப்படி ஒரு முகம் வேணும்னார். எத்தனையோ செஞ்சு பார்த்தேன், எதுவும் வரலை. என் வீட்டுக்காரர் கப்பல் வேலையில இருந்தார். பிள்ளையை விட ஆள் இல்ல. வேலைக்கே கூட்டிட்டு வந்து, என் ரூம்ல மேசைக்கு எதிர்ல மரச் சட்டம் அடிச்ச அடைப்புக்குள்ள விட்டுடுவேன். ஒரு நாள் எழுந்து நின்னு கையைத் தூக்கினா. என் கையெல்லாம் களிமண், உடனே தூக்க முடியலை. அப்பதான் பார்த்தேன். முதலாளி கேட்ட முகம் எதிர்லயே நிக்குது. அவசரமா கையைத் துடைச்சுட்டுத் தூக்கினேன். தூக்கினதும் அந்த முகம் போயிடுச்சு."

டாக்டர் முன்னால குனிஞ்சு கேட்டுக்கிட்டு இருந்தார்.

"அதான் அதுல கஷ்டம். தூக்கினா போயிடும். மறுபடி வர அரை நாள் ஆகும், சில நாள் வரவே வராது. அப்புறம் எப்படி வேலை செய்யறது? அதனால தூக்கறதை நிறுத்திட்டேன்."

என் மணிக்கட்டுல இருந்த பிடி தளர்ந்துச்சு.

"வீட்டுலயுமா?"ன்னு டாக்டர் கேட்டார்.

"வீட்டுலயும்தான். ராத்திரி தூக்கிட்டா காலையில திருப்தியா உட்கார்ந்து விளையாடும், எதுக்கும் ஆகாது. சாயம் பூசற பொண்ணுங்க பாவம் பாவம்னு தூக்க வருவாங்க. அவங்களையும் விடலை. ஒருத்தி எனக்குத் தெரியாம தூக்கிட்டா, அன்னைக்கு வேலை போச்சு. கோடையில ஆரம்பிச்சது, குளிர் வந்தப்பதான் முடிச்சேன். கீழுதடு மட்டும் கடைசி வரைக்கும் சரியா வரலை. என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தா அந்த உதடு வராது, நான் போகணும். கதவுக்கு வெளியில போய் நின்னு கண்ணாடி வழியாப் பார்த்துப் பார்த்து செஞ்சேன். அந்த உதட்டை இன்னைக்கு வரைக்கும் எவனாலயும் செய்ய முடியலை."

சொல்லிட்டு மைக்கை டாக்டர்கிட்ட கொடுத்தாங்க. பெருமையாத்தான் சொன்னாங்க. நல்லா சமைச்ச ஒருத்தர் எத்தனை சிட்டிகை உப்புன்னு சொல்ற மாதிரி சொன்னாங்க.

ஹால் மொத்தமும் எழுந்து நின்னு கை தட்டுச்சு. சில பேர் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. டாக்டர் குரல் கம்ம, "கலைக்காக ஒரு தாய் செஞ்ச தியாகம்"னார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குட்டிக் கண்ணாடியைப் பிடுங்கி அவர் வாயிலயே திணிச்சிருப்பேன். யாரு செஞ்ச தியாகம்யா? அடைப்புக்குள்ள நின்ன ரெண்டு வயசுப் பிள்ளையை யாராவது கேட்டீங்களா? கை தட்டாத ஆள் மேடையில ஒரே ஒருத்தர்தான். சின்ன முதலாளியம்மா. அவங்க என் பெண்டாட்டியைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. தான் சொன்னது பொய்னு ஆனதுல அவங்களுக்கு அவமானம் இருந்திருக்கும், ஆனா அந்தப் பார்வையில அது இல்ல. கொஞ்ச நேரத்துல தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

என் பெண்டாட்டி உட்கார்ந்தே இருந்தா. அழலை. மடியில இருந்த கைப்பையோட வாரைச் சரி பண்ணா, மறுபடியும் சரி பண்ணா. "போலாமா?"ன்னு கேட்டேன். "அம்மாவை விட்டுட்டா?"ன்னா.

அதுக்குள்ள ஜனங்க சூழ்ந்துக்கிட்டாங்க. இத்தனை வருஷம் ஒருத்தன் எட்டிப் பார்க்கலை, இப்ப வரிசை. புருவத்தைக் கிட்ட வந்து பார்க்கிறாங்க. பெட்டியை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. அவ போட்டுக் கொடுத்தா. எழுதறதை நிறுத்தாம, யாரையும் நிமிர்ந்து பார்க்காம போட்டுக் கொடுத்தா. ஒருத்தன் கேமராவோட வந்து, ரொம்ப மரியாதையா, "மேடம், ஒரே ஒரு போட்டோ. பொம்மை மாதிரி ரெண்டு கையையும் கொஞ்சம் தூக்குங்க"ன்னான்.

அவ கை பேனாவோட நின்னுடுச்சு.

"தம்பி, உன் கையைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கமாப் போறியா, இல்ல நான் அனுப்பி வைக்கட்டுமா?"ன்னேன். என் குரல் என்ன லட்சணத்துல இருந்துச்சோ, வரிசை தானா கலைஞ்சுடுச்சு. டாக்டர் ஓடி வந்து என்ன ஏதுன்னார். ஆளை விடுங்கன்னு சொல்லிட்டு ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வெளியே வந்தேன்.

வண்டியில மாமியார் முன் சீட்டுல என் பக்கத்துல உட்கார்ந்தாங்க. இவ பின்னால. நல்ல டிராஃபிக். எறும்பா ஊர்ந்துக்கிட்டு இருந்தோம். மாமியாருக்கு உச்சி குளிர்ந்து போயிருந்துச்சு, மேடையில போட்ட பொன்னாடையை மடியில வச்சு நீவிக்கிட்டே வந்தாங்க. "அந்தப் பொண்ணு போட்டோன்னு சொன்னதும் எனக்கு வந்துடுச்சு பாருங்க மாப்பிள்ளை. எத்தனை நாள் அடக்கி வைக்கிறது"ன்னாங்க. நான் ரோட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். வாயைத் திறந்தா என்ன வரும்னு எனக்கே பயமா இருந்துச்சு. அப்புறம் அவங்க பின்னால திரும்பி, மகளைப் பார்த்துக் கேட்டாங்க.

"சொல்லுன்னு சொன்னே, சொல்லிட்டேன். இப்ப திருப்திதானே உனக்கு?"

"ம்"னா இவ.

சிக்னல்ல நின்னோம். இவ பின்னாலேருந்து சாதாரணமாத்தான் கேட்டா, கடையில விலை கேட்கிற மாதிரி.

"வேலை முடிஞ்சப்புறம் தூக்கினியாம்மா?"

இத்தனை வருஷம் இல்லேன்னு சாதிச்ச மாமியார், இதுக்குப் பொய் சொல்லப் போறதில்லன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. புருவத்தைச் சுருக்கி, ஒரு அளவை ஞாபகத்துக்குக் கொண்டு வர்ற மாதிரி யோசிச்சாங்க. பொன்னாடையை நீவிக்கிட்டு இருந்த கை நின்னுடுச்சு.

"முடிச்ச அன்னைக்கு வந்தேன். மெழுகை அச்சுக்கு அனுப்பிட்டு, கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் வந்தேன். அடைப்புக்குப் பக்கத்துல வந்து குனிஞ்சு நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன்." வெளியே பார்த்துக்கிட்டு சொன்னாங்க. "நீ கையைத் தூக்கலை. அதுக்கப்புறம் நீ தூக்கவே இல்லையேடி."